சிக்னல் இல்லாத ஒன்பது கிலோமீட்டர்

கிருஷ்ணகிரி ரவுண்டானா தாண்டி
ராயக்கோட்டை சாலையில் நாலாவது கடை.
அப்சர் மூன்றையும் கண்ணாடி மேல் பரப்பினார்.

ஒன்று, ஒன்பது அங்குலத் திரை.
பழைய ரேடியோவைப் பிடுங்கிவிட்டு
அந்தப் பள்ளத்தில் உட்கார வைப்பது.
பின்பக்க கேமரா இலவசம்.
பதினாலாயிரத்து ஐந்நூறு,
"டாக்டரம்மாவுக்குப் பதிமூணு."

அடுத்தது தனிக் கருவி.
சிம் வேண்டாம், டவர் வேண்டாம்,
வானத்தைப் பார்த்தே வழி சொல்லுமாம்.
உள்ளே இருக்கும் வரைபடத்துக்குத்தான்
மூன்று வயது முடிந்துவிட்டது.

கடைசியில்
போனைக் கவ்விக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் கை.
முந்நூற்றைம்பது.

என் வண்டி எட்டு வருடம் ஓடிய வேகன் ஆர்.
முன்னால் யாரோ தெளித்த மல்லிகை சென்ட்
இன்னும் போகவில்லை.
பின்சீட்டில்
தோள்வரை ஏறும் கையுறை, கயிறு, கால்சியம் பாட்டில்.

எதற்கு என்று அப்சர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆடி மாதம், இரவு பதினொன்றரை.
"கொத்தூருங்க மேடம், அஞ்செட்டி தாண்டி.
கன்னு கால் மட்டும் வெளிய தெரியுது."
லிங்கப்பாவின் குரல் அதோடு அறுந்தது.
கொத்தூர் என்று தட்டினேன்.
இந்தப் பக்கம் கொத்தூருக்கா பஞ்சம்?
ஐந்து வந்தன.
அவசரத்தில் மேலே இருந்ததைத் தொட்டேன்.

யானை கடக்கும் என்ற பலகை போனதும்
கர்நாடகா வரவேற்பதாக ஒரு குறுஞ்செய்தி.
நான் எல்லையைத் தாண்டவே இல்லை,
போன் மட்டும் போய்விட்டிருந்தது.
பிறகு ஒன்பது கிலோமீட்டர் சிக்னலே இல்லை.
பச்சைப் பரப்பின் நடுவே
நீலப் புள்ளி நின்றது,
மேய விட்டுவிட்டு
ஓட்டிவர மறந்த ஒன்றைப்போல.
குரல் மட்டும் விடவில்லை:
இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்.
வலப்புறம் கேழ்வரகு.

சரியான கொத்தூருக்கு வந்தபோது ஒன்றேகால்.
லிங்கப்பாவின் மகள் புளியமரத்தடியில்
டார்ச்சோடு நின்றிருந்தாள்.
வெளிச்சம் மஞ்சளாகி,
அவள் கால்விரலைத்தான் எட்டியது.
மாடு பிழைத்தது.
மற்றதை எழுத
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

"வாய்ஸ் எந்த பாஷைல வெக்கட்டும்?"

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு.
தளிப் பக்கம் மாட்டை அதட்டுவது கன்னடத்தில்.
அப்சர் சற்றுமுன் தம்பியைத் திட்டியது உருதுவில்.
தமிழ் என்றேன்.
தமிழிலும் அது
தேன்கனிக்கோட்டையை மூன்றாக உடைத்து வைத்தது,
கெலமங்கலத்தைக் கேலிமங்கலம் என்றது.
சிரித்தோம்.
கடைப்பையன் சிரிக்கவில்லை,
அவனுக்கு ஊர் கெலமங்கலம்.

திரையை ஒருமுறை தடவிப் பார்த்தேன்.
ஆசைதான்.
பதிமூன்று போட்டால்
தேய்ந்த டயர் நாலையும் மாற்றிவிடலாம்.
பிளாஸ்டிக் கையை எடுத்துக்கொண்டு
முந்நூறு கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டார்.

அவர் கடை வைஃபையிலேயே
இரண்டு மாவட்டத்தையும் போனுக்குள் இறக்கினேன்,
டவர் செத்தாலும் வழி சாகாதபடி.
டீ ஆறுவதற்குள்
அணை வந்தது, மாந்தோப்புகள் வந்தன,
தொப்பூர் வளைவுகள் கடைசியாக வந்தன.

பிறகு நானே புள்ளி குத்தத் தொடங்கினேன்.
கொத்தூர், லிங்கப்பா, புளியமரத்துக்கு இடது.
கொத்தூர், இது இல்லை.
கொத்தூர், இதுவும் இல்லை, நாய் கடிக்கும்.
பாலம் அடித்துக்கொண்டு போன இடம்.
ஏறி நின்றால் ஒரு கோடு டவர் கிடைக்கும் பாறை.

நேற்று சூளகிரிக்கு முன் ஒரு வேகத்தடையில்
ரப்பர் விட்டு, போன் கீழே விழுந்தது.
பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நடுவில் கிடந்தபடி
இடப்புறம் திரும்பச் சொன்னது.
திரும்பினேன்.
சரியாகத்தான் இருந்தது.